தாத்தாவுக்கு அனுப்பிய புத்தகம் திறந்ததா?

அன்புள்ள பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்,

திருவண்ணாமலையில் அப்பா அம்மாவை, தாத்தா ஆயாவை விட்டுவிட்டுச் சென்னையிலும் பெங்களூரிலும், சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வேலை பார்க்கிற உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். ஓய்வுபெற்ற பிறகு செங்கம் சாலையில், ரமணாசிரமத்துப் பக்கமாக வீடு பார்த்துக் குடிவந்துவிட்ட பெரியவர்களின் பிள்ளைகளும் இதில் அடக்கம்.

ஒரு பெரியவரை நினைத்துப் பாருங்கள். எண்பதை ஒட்டிய வயது. பள்ளிக்கூட வாத்தியாராகவோ தாலுகா ஆபீஸ் குமாஸ்தாவாகவோ இருந்தவர். இன்றைக்கும் காலைப் பேப்பரை வரி விடாமல் படிக்கிறவர். பொங்கலுக்கு வந்த பேரன் ஸ்மார்ட்போன் ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஊருக்குப் போனதும் வாட்ஸப்பில் 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் பிடிஎஃப்பாக அனுப்பி வைக்கிறான். தாத்தா தொடுகிறார். எதில் திறக்கட்டும் என்று போன் ஆங்கிலத்தில் கேட்கிறது. எதையோ தொட்டதில் திறந்துகொள்கிறது. எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வதுபோல இருக்கிறது. இரண்டு விரலால் விரிக்கிறார். வரியின் முதல் பாதி மட்டும் தெரிகிறது. மறு பாதியைப் பார்க்க வலப்பக்கம் தள்ள வேண்டும். அடுத்த வரிக்கு மறுபடி இடப்பக்கம் வர வேண்டும். வீராணம் ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிற முதல் அத்தியாயம் முடிவதற்குள் போன் ஜன்னல் மேடைக்குப் போய்விடுகிறது. பேரனின் திரையிலோ இரண்டு நீலக் குறி விழுந்தாயிற்று. தாத்தா படித்துக்கொண்டிருக்கிறார் என்று அவன் நிம்மதியாக இருக்கிறான்.

அந்த நீலக் குறிக்கும் அந்த அத்தியாயத்தின் கடைசி வரிக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்த மடல் எழுதப்படுகிறது. பேரனுக்கு அன்பில் குறை இல்லை. ஆனால் கோப்பு போய்ச் சேர்ந்தது, புத்தகம் போய்ச் சேரவில்லை.

இந்த ஊருக்கு இது புதிய சங்கதியும் இல்லை. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி மதுரையிலிருந்து வந்து சேர்ந்த பதினாறு வயது வேங்கடராமனுக்கு, பின்னாளில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவருக்கு, ஆரம்ப வருஷங்களில் துணையாக இருந்தவர் பழனிசுவாமி. அவர் மலையாளி. தமிழ் வேதாந்தப் புத்தகங்களை ஊருக்குள் இரவல் வாங்கி வந்து, எழுத்துக்கூட்டிப் படித்துத் திணறுவாராம். அவர் படும் பாட்டைப் பார்த்த ரமணர் அந்தப் புத்தகத்தைத் தாமே வாங்கிப் படித்துச் சாரத்தை எடுத்துச் சொல்வார். ரமணருக்கு வேதாந்த நூல்களின் பழக்கம் வந்ததே இந்த வழியில்தான் என்று அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. இரவல் வாங்கி வந்த புத்தகம் பழனிசுவாமியின் கையிலேயேதான் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் திறந்து வைத்த பிறகே அது அவருக்குள் போயிற்று.

இன்னொரு உதாரணமும் இதே ஆசிரமத்தில் இருக்கிறது. சூரி நாகம்மா என்ற தெலுங்குப் பெண்மணி, ஆசிரமத்தில் அன்றாடம் நடந்ததையெல்லாம் 1945 முதல் வெளியூரில் இருந்த தம் சகோதரருக்குக் கடிதமாக எழுதி அனுப்பிக்கொண்டே இருந்தார். 1950இல் ரமணர் மறையும் வரைக்கும் அது தொடர்ந்தது. அந்தக் கடிதங்கள்தான் பிறகு புத்தகமாயின. ஆங்கிலத்தில் பெயர்த்தவர் அந்தச் சகோதரரே. தூரத்தில் இருக்கிற உறவுக்கு விடாமல் எழுதியதில் ஒரு நூலே பிறந்தது. இன்று ஆசிரமம் தன் வெளியீடுகள் பலவற்றை இணையதளத்தில் யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. பெரியவரின் வீடு ஆசிரமத்துப் பக்கத்துத் தெருவிலேயே இருக்கலாம். முழங்கால் வலியில் நூலகம் வரைக்கும் நடக்க முடியாதவருக்கு அந்த ஒரு தெருவும் தூரம்தான்.

முதலில் கண்ணைப் பற்றி. நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வருவது எல்லோருக்கும் தெரியும். அதற்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். பலர் அறியாத விஷயம், வயதாக ஆகக் கண்ணின் பாவை சுருங்குகிறது, உள்ளே இருக்கும் லென்ஸ் மங்குகிறது என்பது. இருபது வயதில் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போகிறது. எழுத்து பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, கறுப்பு நல்ல கறுப்பாகவும் வெள்ளை நல்ல வெள்ளையாகவும் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். பழுப்பேறிய தாளை அப்படியே ஸ்கேன் செய்த பிடிஎஃப், இளங்கண்ணுக்கு அழகான பழைய புத்தகம். எண்பது வயதுக் கண்ணுக்கு அது அழுக்குத் துணி. கண்புரை தொடங்கியவருக்குப் போன் திரையின் கூச்சம் வேறு சேர்ந்துகொள்ளும்.

பிடிஎஃப் என்பது அச்சிட்ட தாளுக்கு எடுத்த படம் மாதிரி. எழுத்தைப் பெரிதாக்கினால் தாளும் கூடவே பெரிதாகித் திரைக்கு வெளியே போய்விடும். இபப் என்கிற வடிவம் வேறு. அதில் எழுத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் வரிகள் தாமாக மடிந்து திரைக்குள்ளேயே அடங்கும். பெரியவருக்கு மின்னூல் அனுப்ப நினைப்பவர் வேறெதுவும் தெரிந்துகொள்ளாவிட்டாலும் இந்த ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

இந்த வடிவத்தில் தமிழ்ப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். 1998 பொங்கல் நாளில் தொடங்கியது மதுரைத் திட்டம். தொடங்கியவர்களில் கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த வேதியியல் ஆய்வாளர், குமார் மல்லிகார்ஜுனன் அமெரிக்காவில் இருந்தவர். உங்களைப் போலவே ஊரை விட்டு வெகுதூரத்தில் இருந்தவர்கள்தான் தமிழ் மின்னூலுக்கு அடித்தளம் போட்டார்கள். உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் ராத்திரி வேலை முடிந்து வந்து சங்க இலக்கியத்திலிருந்து கல்கி வரை தட்டச்சு செய்து ஏற்றினார்கள், காசு வாங்காமல். 2013இல் வந்த ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளம் இன்னும் ஒரு படி மேலே போய், ஒவ்வொரு புத்தகத்தையும் இபப்பாகவும், ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவு பார்த்த பிடிஎஃப்பாகவும் கொடுக்கிறது. எழுத்தாளர்களே அனுமதி கொடுத்த புத்தகங்கள் அவை. அந்த ஆறு அங்குலப் பிடிஎஃப்பை யோசித்தவருக்கு நிச்சயம் வீட்டில் ஒரு பெரியவர் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அனுப்புவதற்கு முன் நீங்கள் ஒரு தடவை திறந்து பத்துப் பக்கம் படித்துப் பாருங்கள். தமிழுக்கே உரிய தொல்லைகள் உண்டு. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவிலிருந்து அவசரமாக மாற்றிய கோப்புகளில் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கமும் துணைக்கால் ஒரு பக்கமும் தனியே நிற்கும். நமக்கு அது சின்னக் கோளாறு. அவருக்கோ, தன் கண்தான் கெட்டுவிட்டதோ என்ற பயம் வரும். திருப்புகழ் இன்னொரு விதம். அருணகிரிநாதரின் ஊர்க்காரருக்குத் திருப்புகழ் இல்லாமல் எப்படி? ஆனால் அதன் அடிகள் நீளமானவை, சந்தத்தில் ஓடுபவை. எழுத்தைப் பெரிதாக்கினால் அடி கண்ட இடத்தில் ஒடிந்து சந்தம் குலைந்துபோகும். அதற்குத் திரையைப் படுக்கைவாட்டில் திருப்பி வைத்துக் கொடுக்க வேண்டும். கௌமாரம் தளத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் உரையும் இருக்கிறது. நடுங்காத கை ஒன்று உதவினால், இருபது முப்பது பாட்டை எடுத்து, அடி பிரித்து, ஒரு சின்னக் கோப்பாகவே செய்து கொடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்று போதும்.

போனா, தனிக் கருவியா? முடிந்தால் கருவிதான். கிண்டில் போன்றவற்றில் இருக்கும் இ-இங்க் திரை, காகிதத்தைப் போல மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பித் தருவது. திண்ணையில், பகல் வெயிலிலும் எழுத்து தெளிவாக நிற்கும். எடை இருநூறு கிராமைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. 'பொன்னியின் செல்வன்' கெட்டி அட்டைப் பதிப்பை மடியில் வைத்துப் படிக்க மணிக்கட்டு ஒத்துழைக்காதவருக்கு அது பெரிய விடுதலை. கிண்டிலில் தமிழ்ப் புத்தக விற்பனை முறையாகத் தொடங்கியது 2016 டிசம்பரில், இந்தி, மராத்தி, குஜராத்தி, மலையாளத்தோடு சேர்த்து.

தூரத்தில் இருப்பவர்களுக்கென்றே அதில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு கிண்டிலுக்கும் தனி மின்னஞ்சல் முகவரி. உங்கள் முகவரியை அனுமதிப் பட்டியலில் சேர்த்து வைத்துவிட்டால், நியூஜெர்சியில் உட்கார்ந்தபடி இபப் கோப்பை இணைத்து அனுப்பலாம். தேரடி வீதி வீட்டில் வைஃபை கிடைத்ததும் அது தாத்தாவின் முதல் பக்கத்தில் வந்து நிற்கும். அவர் எதையும் பதிவிறக்க வேண்டாம், கடவுச்சொல் அடிக்க வேண்டாம். வாங்கும் புத்தகங்களையும் உங்கள் கணக்கிலேயே அந்தக் கருவியைப் பதிந்துவிட்டு நீங்கள் அனுப்பிவிடலாம். அவர் தெரியாமல் கை பட்டு எதையும் வாங்கிவிடாதபடி கடைக்குப் பூட்டுப் போடவும் வழி இருக்கிறது. அதை மறக்காமல் போட்டு வையுங்கள். பணம் போவதைவிட, பிள்ளை காசைக் கரைத்துவிட்டோமே என்று அவர் நாலு நாள் கவலைப்படுவது பெரிது.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். 2009 ஜூலையில் அமேசான், விற்றவருக்கு உரிமை இல்லை என்று காரணம் சொல்லி, வாடிக்கையாளர்களின் கிண்டில்களிலிருந்து ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை' இரண்டையும் தானாகவே அழித்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், நிறுவனர் மன்னிப்பும் கேட்டார். இருந்தாலும் சங்கதி வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. இப்படிப்பட்ட கடைகளில் காசு கொடுத்து நாம் பெறுவது படிக்கும் உரிமையை மட்டும்தான். முதல் பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதித் தாத்தா வைத்துவிட்டுப் போகும் புத்தகம் பேத்திக்குச் சேரும். கடையில் வாங்கிய மின்னூலுக்கு அந்த வழி இல்லை. மதுரைத் திட்டத்தின் கோப்பு அப்படி இல்லை. பென் டிரைவில் போட்டு வைத்தால் யார் கையிலும் இருக்கும்.

உரிமையைப் பற்றி இன்னொரு வார்த்தை. இந்தியாவில் எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு கழிந்தால் அவர் எழுத்து எல்லோருக்கும் பொது. பாரதி, உ.வே.சாமிநாதையர், புதுமைப்பித்தன், 1954இல் மறைந்த கல்கி எல்லோரும் இந்தக் கணக்கில் வந்துவிட்டார்கள். அரசு நாட்டுடைமையாக்கியவர்களின் நூல்களும் உண்டு. ஆனால் 1982இல் மறைந்த தி. ஜானகிராமனும் 2015இல் மறைந்த ஜெயகாந்தனும் அதில் இல்லை. அவர்களுடைய புத்தகங்கள் யாரோ ஸ்கேன் செய்து டெலிகிராமில் சுற்றுகின்றன. அவற்றை அப்பாவுக்கு அனுப்பாதீர்கள். காசு கொடுத்து வாங்குங்கள். சொந்த ஊரான திருவண்ணாமலையிலேயே வம்சி புக்ஸ் என்று ஒரு பதிப்பகம் இருக்கிறது. திருட்டுப் பிரதி இப்படிப்பட்ட சிறிய பதிப்பகங்களின் வயிற்றில்தான் அடிக்கிறது.

எந்தப் புத்தகம் என்பதையும் நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். வயதானவர் என்றால் பக்தி நூல் என்று நினைத்துக்கொள்வது பிள்ளைகளின் வழக்கம். தேவாரத்தைவிடத் துப்பறியும் கதைக்கு ஏங்குகிற ஆயாக்கள் நிறைய இருக்கிறார்கள். கேளுங்கள். சின்ன வயதில் எதைத் தொடராகப் படித்தீர்கள், எது பாதியில் நின்றுபோயிற்று, யாருடைய வீட்டில் இரவல் வாங்கினீர்கள் என்று கேளுங்கள். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்தபோது மணியம் வரைந்த படங்களோடு வந்தது. பிறகும் தொடராக வெளிவந்தபோதெல்லாம் தாள்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்த குடும்பங்கள் எத்தனையோ. மதுரைத் திட்டக் கோப்பில் இருப்பது எழுத்து மட்டும். குந்தவையின் முகம் இல்லையே என்று அவர் கேட்டால் குறை சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். அவருக்கு அந்தப் படம்தான் கதை. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 1940 முதல் ஆனந்த விகடனில் வாராவாரம் வந்தது. அத்தியாயங்கள் சிறியவை. ஒரு மூச்சில் நீண்ட நேரம் படிக்க முடியாதவருக்கு அது பொருத்தமான அளவு.

கண் முற்றிலும் ஒத்துழைக்காத காலமும் வரும். அப்போது காது இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்களில் தமிழை உரக்கப் படித்துக்காட்டும் வசதி இருக்கிறது. குரல் இயந்திரக் குரல்தான், சந்தி பிரிப்பதில் தடுமாறும், ஆனாலும் உரைநடைக்குப் பழகிவிடலாம். திருமுறைகளுக்கு அது சரிப்படாது, ஓதுவார் குரலே வேண்டும். சைவம் தளத்தில் ஒலிப்பதிவுகள் கிடைக்கின்றன. கதை கேட்க ஆசைப்படுகிறவருக்கு இதே ஊர்க்காரரான பவா செல்லதுரை, எழுத்தாளர்களின் கதைகளை மணிக்கணக்கில் சொல்லும் பதிவுகள் யூடியூபில் இருக்கின்றன. ஊர்ப் பேச்சில், ஊர்க்காரர் குரலில் கேட்பது தனிச் சுகம்.

காகிதத்தையும் ஒரேயடியாக விட்டுவிட வேண்டாம். கருவியைத் தொடவே மாட்டேன் என்கிற பெரியவரை மாற்ற முயல்வது வீண் வேலை. இந்தியாவுக்குள் இருப்பவர்களுக்கு அஞ்சல் துறை 2025 மே 1 முதல் புத்தகங்களுக்கென்றே ஞான் போஸ்ட் என்ற சேவையைத் தொடங்கியிருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. பெரிய எழுத்துப் பதிப்பு கிடைத்தால் அதையே அனுப்பிவிடலாம். சிங்கப்பூரிலிருந்தும் டல்லஸிலிருந்தும் அனுப்ப வேண்டியவர்களுக்குத்தான் மின்னூல் இவ்வளவு அவசியமாகிறது.

இனி, மறுமுனையில் இருக்க வேண்டிய கை. கருவி என்றாவது ஒரு நாள் நின்றுபோகும். பெரியவர் திரையின் மேல் ஓரத்தைத் தொட்டிருப்பார், பக்கம் மறைந்து ஏதோ பட்டியல் வந்திருக்கும். அவருக்கு அதிலிருந்து வெளியே வரத் தெரியாது. அன்றைக்கு யார் வருவார்? உலர்ந்த விரல்நுனியைத் தொடுதிரை பல சமயம் உணர்வதே இல்லை என்பதை யார் சொல்லிக் கொடுப்பார்? பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண்ணோ, செல்போன் கடைத் தம்பியோ, தெரு முனையில் இருக்கும் உறவுக்காரரோ, ஒருவரைப் பிடித்து வைக்க வேண்டும். அவருக்குப் போன் செய்து, நன்றி சொல்லி, தீபாவளிக்கு ஒரு பெட்டி இனிப்பும் அனுப்ப வேண்டும். அப்படி ஆள் கிடைக்காதவர்களுக்கு நூலகம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948இலேயே வந்துவிட்டது, சுதந்திர இந்தியாவிலேயே முதலாவதாக. வீட்டு வரியோடு நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் வீதம் நூலக வரியும் உங்கள் அப்பா கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். மாவட்ட மைய நூலகத்தில் வாரம் ஒரு மதியம், பெரியவர்களுக்குக் கருவி பழக்கித் தரும்படி பிள்ளைகள் நூறு பேர் சேர்ந்து கேட்டால் என்ன?

பௌர்ணமியையும் கணக்கில் வையுங்கள். கிரிவலக் கூட்டம் பதினான்கு கிலோமீட்டரும் நிறைந்திருக்கும் இரவில் போன் சிக்னல் திணறும், கார்த்திகை தீபத்தன்று கேட்கவே வேண்டாம். அனுப்ப வேண்டியதை இரண்டு நாள் முன்பே அனுப்பிவிடுங்கள். கருவிக்குள் இறங்கிவிட்ட புத்தகத்துக்குச் சிக்னல் தேவையில்லை.

இன்னொன்று, பலருக்கும் தோன்றாத விஷயம். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய புத்தகங்களில் லை, ணை, றா, னா எல்லாம் வேறு உருவத்தில் இருக்கும். உங்களில் பலர் அந்தப் பழைய அச்சைக் கண்டால் தயங்குவீர்கள். தாத்தாவும் ஆயாவும் படித்ததே அதில்தான். தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையான நூல்களின் ஸ்கேன் படம் ஒரு பக்கமும், கணினி எழுத்தாக மாற்றியது மறு பக்கமுமாக ஆயிரக்கணக்கான பக்கங்கள் பிழை திருத்த ஆள் இல்லாமல் காத்திருக்கின்றன. கணினி துணைக்காலை 'ர' என்று படித்துவிடும், பழைய 'லை'யைப் பார்த்து விழிக்கும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு அதைச் சரிசெய்வது மூச்சுவிடுகிற மாதிரி. அவரால் தட்டச்சு செய்ய முடியாமல் போகலாம். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் பேத்தி பக்கத்தைக் காட்ட, அவர் படித்துச் சொல்ல, அவள் அங்கிருந்து அடித்துவிடலாம். இதுவரை வாங்கிக்கொள்பவராக மட்டும் இருந்தவர், யாரோ ஒரு தெரியாத வாசகருக்குப் புத்தகம் கொடுப்பவராக ஆகிவிடுவார். என்ன சாப்பிட்டீங்க, மாத்திரை போட்டீங்களா என்பதைத் தாண்டிப் பேச அந்த வீட்டில் ஒரு விஷயமும் கிடைக்கும்.

தீபத்துக்கு எப்படியும் வருவீர்கள். அண்ணாமலையார் கோயிலுக்கும் கிரிவலத்துக்கும் நேரம் ஒதுக்குவதுபோல, வந்த மறுநாள் காலையில் இரண்டு மணி நேரம் அவர் பக்கத்தில் உட்காருங்கள். எழுத்தின் அளவை அவரே சொல்லட்டும், உங்களுக்குச் சரியாகப் படுவதைவிட இரண்டு மடங்கு பெரிதாகவே இருக்கும். வரிகளை இடப்பக்கம் மட்டும் ஒட்டி வையுங்கள். பெரிய எழுத்தில் இரு பக்கமும் சீராக்கினால் நீளமான தமிழ்ச் சொற்களுக்கு நடுவே ஓட்டை விழும். முதலில் ஒரே ஒரு புத்தகம் போதும், ஐந்நூறு வேண்டாம். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ஸ்கெட்ச் பேனாவால் பெரிய தமிழ் எழுத்தில் எழுதுங்கள்: வலது பக்கம் தொட்டால் அடுத்த பக்கம். இடது ஓரம் தொட்டால் முந்தின பக்கம். பட்டியல் வந்துவிட்டால் நடுவில் ஒரு தரம் தொடவும். சனிக்கிழமைதோறும் சார்ஜ் போடவும். கீழே அந்தப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் போன் நம்பர். அதை அட்டையின் உட்புறத்தில் ஒட்டிவிட்டு, முதல் அத்தியாயத்தை அவரே திருப்பித் திருப்பிப் படித்து முடிக்கும் வரை எழுந்திருக்காதீர்கள்.

அன்புடன்,
திருவண்ணாமலை வாசகர் ஒருவர்